நாற்பத்து மூன்று பவளங்கள்

உயிரோடு உடைத்த பவளம் மூன்றாம் நாள் நாறும். எங்கள் பாடப்புத்தகத்தில் பவளத்துக்குப் பதினோரு பக்கம் கொடுத்திருந்தார்கள். அதில் இந்த ஒரு வரி இல்லை.

விழுப்புரத்தில் ரயிலை விட்டு இறங்கி, திருவண்ணாமலை பஸ்ஸில் கோணிகளை ஏற்றும்போதே கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"கருவாடுன்னா டாப்புல போடுங்க. உள்ள ஏத்தாதீங்க."

"கருவாடு இல்லீங்க, ஸ்பெசிமன்" என்றேன்.

"எந்த மீனா இருந்தாலும் டாப்புலதான்மா."

பஸ் முழுக்கச் சிரித்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, விலங்கியல் இரண்டாம் ஆண்டு. சிரித்தவர்கள் எல்லோருக்கும் பவளம் என்றால் என்ன என்று எழுந்து நின்று விளக்கவேண்டும் போல் இருந்தது. அதற்குள் ஒரு சீட் காலியானதால் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் கல்லூரி செங்கம் சாலையில் ஒரு பழைய அரிசி ஆலையை இடித்துக் கட்டிய சின்னத் தனியார் கல்லூரி. அதை இப்போது மூடிவிட்டார்கள். விலங்கியல் மாணவர்கள் வருடாவருடம் பிப்ரவரியில் மன்னார் வளைகுடாக் கரையிலிருக்கும் மண்டபத்துக்குப் போகவேண்டும், ஆளுக்கு ஐந்து பவளம் கொண்டுவரவேண்டும், செய்முறைத் தேர்வன்று அவற்றைப் பெயர் எழுதி மேசைமேல் வைக்கவேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு. நல்ல துண்டுகள் தேர்வு முடிந்ததும் ஆய்வகத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போகும். எல்லாக் கல்லூரியிலும் இதுதான் வழக்கம் என்றார் எங்கள் துறைத் தலைவர். அவரை நாங்கள் சார் என்று மட்டும்தான் சொல்வோம்.

அந்த வருடம் மண்டபத்திலிருந்து படகில் ஒரு தீவுக்குப் போய், கடல் வற்றியிருந்த நேரத்தில் முழங்கால் தண்ணீரில் நடந்தோம். சார் கையில் பட்டியல், பையன்கள் கையில் கடப்பாரை. நான் ஐந்தோடு நிற்கவில்லை, ஏழு எடுத்தேன். படகுக்காரர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலேசுப் பிள்ளைக வந்துபோனா ஒரு வாரம் தண்ணி கலங்கிக் கெடக்கும்" என்றார், கோபமே இல்லாமல். "பரவால்ல தாயி. சுண்ணாம்புக்கு வள்ளம் வள்ளமா அள்ளுறாக. நீங்க அள்ளுறது அதுல ஒரு கை."

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீருக்குள் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடுகு நிறத்தில் ஒன்று, பாசிப்பச்சையில் ஒன்று, நுனியில் மட்டும் ஊதா ஏறிய மான்கொம்பு ஒன்று. எங்கள் அலமாரியில் எல்லாமே வெள்ளையாக இருக்குமே, இதென்ன என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே உடைத்தேன்.

வீட்டு மாடியில் என் ஏழையும் பரப்பி வைத்தேன். அம்மா ஏறி வந்து பார்த்தார்.

"இன்னாடி இது, எலி செத்த நாத்தம் அடிக்குது. கல்லுனு சொன்ன?"

"கல்லு இல்லம்மா. உயிர். ஆயிரக்கணக்குல சின்னச் சின்னதா ஒண்ணா ஒட்டிக்கிட்டு வாழும். அதுங்க கட்டற வீடுதான் இந்தக் கல்லு."

"அப்ப அதுங்க எங்க?"

எங்கே என்று மூக்குக்குத் தெரிந்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டேன். இரண்டு நாளில் எல்லாம் பளிச்சென்று வெள்ளையாகிவிட்டன. இத்தனை நாளும் அந்த வெள்ளையைத்தான் பவளத்தின் நிறம் என்று நினைத்திருந்தேன். எலும்பைப் பார்த்து ஆள் நல்ல சிவப்பு என்று சொல்வது போலத்தான் அது. மாடியில் தனியாக நின்று அந்தத் தொட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் ஏழையும் கழுவி, பெயர் எழுதி, தேர்வில் வைத்தேன். முழு மதிப்பெண் வாங்கினேன்.

அந்தக் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஆய்வக அட்டெண்டர். நாங்கள் அண்ணே என்று கூப்பிடுவோம். நாற்பதை நெருங்கியவர், எப்போதும் தோளில் ஒரு துண்டு. பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. நிர்வாகக் கமிட்டி கூடும்போதெல்லாம் அவருடைய நிரந்தர ஆர்டர் மேசைக்குப் போகும், திரும்பி வரும். "இந்தத் தபா ஆயிடும்மா" என்பார். பதினோரு வருடமும் அதேதான் சொன்னார். ஆர்டர் வந்தால்தான் பெண்ணுக்குப் பேசி வைத்திருக்கும் இடம் நிலைக்கும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஒரே கேள்வி, அப்பன் வேலை பர்மனென்டா என்பதுதான்.

அலமாரியில் நாற்பத்து மூன்று பவளங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: பெயர், எந்தத் தீவு, எந்த வருடம். வாரம் ஒரு முறை அண்ணன் எல்லாவற்றையும் இறக்கிப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே எது மூளைப் பவளம், எது மான்கொம்பு என்று சொல்வார். ஆனால் அவர் கடலைப் பார்த்ததில்லை.

"கடலு இன்னா கலரும்மா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நீலம்ணே."

"நம்ம ஏரி மாதிரி இல்லியா?"

"இல்லண்ணே. நல்ல நீலம்."

அதோடு பேச்சு நின்றது. தண்ணீருக்குள் பவளம் என்ன நிறம் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு நாள் நூலகத்தில் செய்தித்தாளைப் புரட்டும்போது ஒரு சின்னப் பத்தி கண்ணில் பட்டது. மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள். இனி அங்கே பாறையை வெட்டக்கூடாது, அள்ளக்கூடாது. நான் அதை நான்கு முறை படித்தேன். யாரோ என் மாடித் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்டது போல் அவ்வளவு சந்தோஷம். எங்கள் துறைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான்தான் ஆசிரியர், எழுத்தரும் நானே, வாசகரும் பெரும்பாலும் நானே. அடுத்த இதழ் பவள இதழ் என்று அன்றே முடிவு செய்தேன். சட்டத்தின் பிரதி வேண்டும். அந்தக் கரையில் இருந்த வன அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்.

ஒரு பக்கம் ஆங்கிலத்தில், மனம் அடங்காமல் தமிழில் மூன்று பக்கம். எங்களுக்குப் பவளத்தின்மேல் எவ்வளவு அக்கறை என்று காட்டவேண்டாமா? அலமாரியில் இருந்த நாற்பத்து மூன்றையும் சீட்டில் உள்ளபடியே வரிசையாக எழுதினேன், தீவு, வருடத்தோடு. 'ஒரு வருடம்கூடத் தவறாமல் எங்கள் மாணவர்கள் சேகரித்து வருகிறார்கள்' என்று முடித்தேன். கல்லூரி முகவரியை அழகாக எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

கார்த்திகை தீபத்துக்குச் சில நாள் முன்பு பதில் வந்தது. எனக்கு வரவில்லை, சாருக்கு வந்தது.

கூப்பிட்டார். போனேன். கதவோரம் அட்டெண்டர் அண்ணன் நின்றிருந்தார். சார் மேசைமேல் ஒரு பழுப்புக் கவர், அதன்மேல் என் நான்கு பக்கத்தின் நகல்.

"இது உன் எழுத்துதானே?"

"ஆமா சார்."

"படி."

கடிதத்தில் நாலே வரி. உங்கள் மாணவி குறிப்பிட்டுள்ள சேகரிப்பை நேரில் பார்வையிட எங்கள் அலுவலர் இந்தத் தேதியில் வருவார், ஒத்துழைக்கவும்.

"பார்வையிடன்னா இன்னா அர்த்தம் தெரியுமா?" என்றார் சார். குரலை உயர்த்தவில்லை. "ரெய்டு. பூங்காவுல போய் வருசா வருசம் திருடினோம்னு நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்க. அட்ரஸ் வேற."

"சார், அது சட்டம் வர்றதுக்கு முன்னாடி…"

"அதெல்லாம் கோர்ட்டுல சொல்லு." அண்ணன் பக்கம் திரும்பினார். "ஸ்டாக் ரிஜிஸ்டர்ல யார் கையெழுத்து?"

"என்துங்க சார்."

"உன் பேப்பர் பொங்கலுக்கு அப்புறம் கமிட்டிக்குப் போவுது. நெனப்பு இருக்கட்டும்." கவரை மடித்து டிராயரில் போட்டார். "தீப லீவுல ரூமை சுத்தமா வை."

அவ்வளவுதான் சொன்னார். அகற்று என்று சொல்லவில்லை, ஒளித்துவை என்றுகூடச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தீபத்துக்கு எங்கள் கல்லூரிக்குப் பத்து நாள் விடுமுறை. வெளியூர்க் கூட்டத்துக்கு வகுப்பறைகளைத் திறந்துவிட்டு, அவர்கள் போனபின் கழுவி முடிக்க அத்தனை நாள் ஆகும். அந்தப் பத்து நாளும், அண்ணன் அலமாரியைப் பூட்டித் துணி போட்டு மூடியிருப்பார், அல்லது மூட்டை கட்டி எங்காவது வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திறந்த அன்று முதல் ஆளாகப் போனேன். ஆய்வகக் கதவைத் தள்ளினதும் கண் கூசியது. பச்சை படிந்து கிடந்த நான்கு சுவரும் வெள்ளைவெளேரென்று இருந்தன. அலமாரி துடைத்துக் காலியாக இருந்தது. அண்ணன் ஸ்டூல்மேல் நின்று ஜன்னல் ஓரத்தில் மட்டையால் கடைசிப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் வெந்து தோல் உரிந்திருந்தது.

"எப்பிடிம்மா கீது?" என்றார். முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது.

"அண்ணே, பவளம் எங்கண்ணே?"

மட்டையால் சுவரைக் காட்டினார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "அடி அண்ணாமலைப் பக்கம் என் மச்சான் சுண்ணாம்புக் காளவாய் வச்சிக்கீறான். ரெண்டு கோணி, சைக்கிள்ல ரெண்டு நடை. புதைச்சா நாய் தோண்டும், கிணத்துல போட்டா கோடையில தெரியும். சுட்டுட்டா இன்னா தெரியப் போவுது? மச்சானே அசந்துட்டான். நம்ம சுக்கான்கல்லு சுண்ணாம்பு இதுங்கிட்ட நிக்காதும்மா. தண்ணி ஊத்துனா பாலு மாதிரி பொங்குது. மிச்சம்கூட இருந்துச்சு. ஸ்போர்ட்ஸ் டேக்குக் கிரவுண்டுல கோடு போடக் குடுத்துட்டேன்."

நான் சுவரில் கை வைத்தேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. நாற்பத்து மூன்று. எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே யாரோ தீவில் இறங்கி எடுத்துவந்த மூளைப் பவளமும் அதில் இருந்தது.

"இன்னாம்மா நிக்கிற? கை வெந்துடும், எடு" என்றார். "இனிமே யாரும் உன்னிய ஒண்ணும் கேக்க முடியாது."

என்னையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது.

அலுவலர் சொன்ன தேதிக்கு வந்தார். ஜீப் வரும், போலீஸ் வரும் என்று சார் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். தோள்பையில் ஒரு பூதக்கண்ணாடி, அளவுகோல், தடித்த நோட்டு. உள்ளே வந்து காலி அலமாரியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"கலெக்ஷன் எங்க இருக்குங்க?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்றார் சார். "சின்னப் பொண்ணு. புஸ்தகத்துல படிச்சத எழுதிட்டா. ஆர்வம் ஜாஸ்தி."

அவர் என் கடிதத்தை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. பல முறை படித்திருக்கிறார். "நாற்பத்து மூணும் எடத்தோட, வருசத்தோட எழுதியிருக்காங்களே. இதக் கற்பனையில எழுத முடியாதுங்க." பிறகு மெதுவாக, "பயந்துட்டீங்களா? நான் கேஸ் போட வரலைங்க. போடவும் முடியாது. சட்டத்தோட பட்டியல்ல புலி இருக்கு, மயில் இருக்கு, கடல் பசு இருக்கு. பவளம் இல்ல. தீவுக்குத்தான் எல்லை போட்டிருக்கோம். எல்லையத் தாண்டி வெளிய வந்துட்டா சட்டத்துக்கு அது வெறும் கல்லு."

சார் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பட்டியல்ல சேர்க்கச் சொல்லி எழுதணும். எழுதினா, அங்க பவளம் இருந்துச்சுன்றதுக்கு என்ன ஆதாரம்னு கேக்கறாங்க. சுண்ணாம்புக்கும் சிமென்ட் ஆலைக்கும் வெட்டின எடத்துல இப்ப போய்ப் பார்த்தா மணல்தான் கிடக்கு. அதனாலதான் காலேஜ் காலேஜா சுத்தறேன். எடமும் வருசமும் எழுதின பழைய துண்டு ஒவ்வொண்ணும் ஒரு சாட்சிங்க. இந்த லெட்டர்ல இருக்கற ரெண்டு தீவுலேர்ந்து எடுத்தது வேற எங்கயும் இல்ல."

சொல்லி முடித்துக் களைப்பாகச் சுவரில் சாய்ந்தார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெந்த விரல்களைத் துண்டுக்குள் மறைத்திருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும், நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாருக்கு ஒன்றும் ஆகாது, அவர் சுத்தமா வை என்றுதான் சொன்னார். பதினோரு வருடமும் பெண்ணின் கல்யாணமும் தொங்கியது அண்ணன் கையெழுத்தில். வாயை மூடிக்கொண்டேன்.

அலுவலர் புறப்படத் திரும்பினபோது சட்டையின் முதுகு முழுக்க வெள்ளை ஒட்டியிருந்தது.

"வஜ்ஜிரப் பசை கம்மியா போட்டுட்டேங்க" என்று அண்ணன் ஓடிப்போய்த் துண்டால் தட்டினார். தூள் பறந்து ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்தது. "பரவால்லீங்க, விடுங்க" என்றார் அவர். அவர் இருமினார், நானும் இருமினேன். வாசலில் என்னிடம் ஒரு கவரைக் கொடுத்தார். நான் கேட்டிருந்த சட்டத்தின் பிரதி. என் பத்திரிகைக்காகத் தன் கையாலேயே முக்கியமான இடங்களில் கோடு போட்டிருந்தார்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். பொங்கல் முடிந்து கமிட்டி கூடியது. நிரந்தரம் செய்வதற்கு முன் அட்டெண்டர் பொறுப்பில் உள்ள பொருளை ரிஜிஸ்டரோடு சரிபார்க்கவேண்டும் என்று யாரோ ஒரு உறுப்பினர் சொல்லிவிட்டார். மார்ச்சில் வந்து பார்ப்பார்களாம். கண்ணாடிக் குடுவை சரி, நுண்ணோக்கி சரி, பவளம் நாற்பத்து மூன்று என்று ரிஜிஸ்டர் சொல்லும்.

சார் என்னைக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார்.

"ஜூனியர்ஸ் அடுத்த வாரம் மண்டபம் போறாங்க. என்னென்ன வேணும்னு பட்டியல் எழுது. உனக்குத்தான் வரிசையா தெரியும். உடையறது உடையும், ஒவ்வொண்ணும் ரெண்டு போடு."

"சார், இப்ப அது பூங்கா. காவல் இருக்கும்."

"படகுக்காரனுக்குத் தெரியும், எந்தப் பக்கம் ஆள் இல்லனு."

கதவோரம் அண்ணன் நின்றிருந்தார். கெஞ்சவில்லை. என் பையில் கோடு போட்ட சட்டப் பிரதி இருந்தது. பேனாவைத் திறந்து, ஒன்று என்று போட்டு, மூளைப் பவளம், இரண்டு துண்டு என்று எழுதத் தொடங்கினேன். அலுவலகத்துக்கு எழுதின அதே வரிசைதான். கை எழுதிக்கொண்டே போனது. எண்பத்தாறு துண்டுகள். எங்கள் கல்லூரி அதுவரை ஒரே வருடத்தில் அவ்வளவு கேட்டதில்லை.

தூக்கிவர ஆள் வேண்டும் என்று அந்தத் தடவை அண்ணனையும் அழைத்துப் போனார்கள்.

திரும்பி வந்த வாரம் ஆய்வகத்துக்குள் நுழைய முடியவில்லை. தொட்டி தொட்டியாகப் பிளீச்சிங் தண்ணீர், அதையும் மீறி அந்த நாற்றம். வெளுத்து முடிந்தவற்றை அண்ணன் மேசைமேல் பரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் பசைக் கிண்ணம், ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் பழைய சீட்டுகள், நாற்பத்து மூன்றும். காளவாய்க்குக் கொண்டுபோகும் முன் ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்துக் கிழியாமல் உரித்து எடுத்து வைத்திருக்கிறார். சார் அவற்றையே ஒட்டச் சொல்லிவிட்டார்.

"நீ சொன்னது சரிதாம்மா" என்றார் என்னைப் பார்த்ததும். "நல்ல நீலம். ஏரி மாதிரி இல்ல."

"பார்த்துட்டீங்களா."

"ஆனா உள்ள இதுங்க வெள்ளையா இல்லியே. மஞ்ச, பச்ச, ஒண்ணு கத்திரிப்பூ கலரு. கடப்பாரை போட்டப்ப கையில வழவழனு ஒட்டிச்சு, சளி மாதிரி. பசங்க சிரிச்சானுங்க." பசையில் விரலைத் தோய்த்தபடி நிறுத்தினார். "அது உயிரோடவா இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"நான் காளவாய்ல போட்டேனே, அது?"

"அது முன்னாடியே செத்தது."

பசையிலிருந்து விரலை எடுத்துத் துண்டில் துடைத்தார். உரிந்த விரல்களில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் வந்திருந்தது. பிறகு டின்னிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். ஆர்டருக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

"இத்த எதுல ஒட்டறது, நீயே சொல்லு."

மங்கிப்போன மசியில், வேறு ஒரு தீவின் பெயர். நான் பள்ளிக்கூடம் சேராத ஒரு வருடம். மேசையில் கிடந்ததில் கிட்டத்தட்ட அதே அளவுள்ள ஒன்றைக் காட்டினேன். அவர் அதன் அடியில் பசை தடவி, சீட்டை வைத்து, காய்கிறவரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.